எடை வகுப்பில் முதலிடம்

காலை ஐந்தரை மணிக்குக் குழிநகரில் பிள்ளைகளுக்கு எடை ஏற்றுவார்கள்.

நிலாவில் பிறந்த பிள்ளைக்கு எடை தானாக வருவதில்லை. பூமியில் முப்பது கிலோ இருக்கவேண்டிய பிள்ளை அங்கே ஐந்து கிலோவாகக் கூரைக்கும் தரைக்குமாகத் துள்ளித் திரியும். அப்படியே பூமிக்கு அனுப்பினால் இறங்கிய இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் சுழல்கூடம். வீட்டளவு பெரிய உருளை ஒன்று. உள்சுவரில் கால் பதித்துப் பிள்ளைகள் நிற்க, அது சுற்றத் தொடங்கும். சுற்றச் சுற்ற எடை ஏறும். வெளியே பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே எண் ஓடும். நூறு வந்தால் முழுப் பூமி.

பெற்றோர்கள் டிபன் டப்பாவோடு பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்மவன் இன்னைக்கு எழுபத்தெட்டு நின்னுட்டான்."

"எழுபத்தெட்டுதானா? எங்க சின்னவ ரெண்டாங்கிளாஸ்லயே எண்பது. மூக்குல லேசா ரத்தம் வந்துது. துடைச்சா போச்சு."

"என்ன துடைச்சும் வீரபாகு மகள எட்ட முடியுமா? அங்க பாருங்க."

சுவர் முழுக்க உலகம்மையின் முகம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பதினோரு வயது, இரட்டைப் பின்னல், யாரோ சிரி சிரி என்று சொன்னதால் சிரித்த சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில் 'நூற்று நான்கு! எடை வகுப்பில் முதலிடம்!' பிறந்த அன்றே பூமிக்குப் போகும் பிள்ளை என்று முடிவு செய்துதான் அவளுக்கு உலகம்மை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள் அமலோற்பவம் சிஸ்டர்.

குழிநகர் ஆஸ்பத்திரியில் ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் தாதியந்திரங்கள் பார்த்துக்கொண்டன. மனித நர்ஸ் அமலோற்பவம் ஒருத்திதான். அவளுக்கென்று மிச்சமிருந்த வேலையும் ஒன்றுதான்: கெட்ட செய்தி சொல்வது. முன்னொரு காலத்தில் ஓர் இயந்திரம் ஆறு வயதுப் பிள்ளையிடம் அதன் நோயைத் தசமப் புள்ளியோடு சொல்லிவைத்தது. அதன்பிறகு வந்தது சட்டம். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் நோயைப் பிள்ளையிடம் இயந்திரம் சொல்லக்கூடாது. மூன்று நாளுக்குள் மனித வாய்தான் சொல்லவேண்டும். பெற்றோர் சம்மதம் வேண்டுமா என்பதை மட்டும் சட்டம் எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். அல்லது மறந்தது போல் விட்டுவிட்டார்கள்.

இன்று மூன்றாம் நாள்.

முந்தாநாள் எடுத்த எலும்புப் படத்தில் உலகம்மையின் காலில் மயிரிழை போல நான்கு விரிசல்கள். விலாவில் இரண்டு. நுரையெலும்பு என்று பெயர் சொன்னது தாதியந்திரம். பார்வைக்கு நல்ல எலும்பு; உள்ளே சோப்பு நுரை போலக் காற்றறைகள். நிலாவில் இருக்கும்வரை எண்பது வயது வரை ஒரு குறையும் வராது. பூமிக்குப் போனாலோ இரண்டு மாதம். ஒரு பலத்த இருமலுக்கு விலா முறியும்.

"சிஸ்டர், சொல்லவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. மீதி பத்து மணி நேரம்" என்றது தாதியந்திரம்.

"தெரியும்."

"தெரியும் என்று நேற்றும் பதினான்கு முறை கூறினீர்கள்."

"எண்ணிக்கிட்டா இருக்க? போய் அந்தப் போர்வைய மடி."

சுழல்கூடத்து வாசலில் உலகம்மையைக் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தாள் சிஸ்டர்.

"இன்னைக்கு உனக்கு எடை கிடையாது, பிள்ளே."

"ஏன் சிஸ்டர்?"

"சாயங்காலம் சொல்லுதேன்."

"இப்பமே சொல்லுங்களேன்."

சிஸ்டரின் வாய் திறந்தது. அதற்குள் பின்னாலிருந்து, "சிஸ்டர், ஒரு நிமிசம்" என்றது வீரபாகுவின் குரல். அவர் காற்று ஆலையில் மேஸ்திரி. அவர் மனைவி செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இருவருக்கும் முதல் நாளே சொல்லியாயிற்று. அன்றிலிருந்து சிஸ்டர் எங்கே திரும்பினாலும் இவர்கள்தான்.

பிள்ளையை ஆஸ்பத்திரி உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு மூவரும் நடையில் நின்றார்கள்.

"எதுக்கு சிஸ்டர் நிப்பாட்டுனீங்க? அவளுக்குச் சந்தேகம் வந்துராதா?" என்றார் வீரபாகு. "பேசாம ரெண்டு நாள் சுத்தட்டும். அப்புறமா பூமிக் கப்பல்ல சீட்டு நிறைஞ்சிட்டு, அடுத்த வருசம் பாக்கலாம்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு விரிசல் விழுது அண்ணாச்சி. அவளுக்குத் தெரியக்கூடாதுங்கறதுக்காக அவ எலும்ப ஒடைக்கவா?"

"மெதுவாச் சுத்தச் சொல்லுங்க."

"மெதுவாச் சுத்தினா பலகையில நூத்தி நாலு வருமா? நாப்பது வந்தா அவளே கேப்பாளே."

செண்பகவல்லி சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் ரேங்க் பிள்ளை சிஸ்டர். அஞ்சு வயசுலேர்ந்து பூமி, பூமின்னுதான் மூச்சு விடுதா. கட்டிலுக்கு மேல கடல் படம் ஒட்டி வச்சிருக்கா. இது காதுல விழுந்தா உடைஞ்சிருவா."

"படத்த ஒட்டினது யாரு?"

"நாந்தான். அவ பாக்கட்டும்னு."

"சனிக்கிழமை பயணப் பத்திரத்துல அவ கையாலதான ஒப்பம் போடணும்? அன்னைக்கு என்ன சொல்லுவீங்க?"

"அன்னைக்கு அன்னைக்குப் பாத்துக்கலாம். நீங்க ஒரு தாயா இருந்தா சொல்லுவீங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

சிஸ்டர் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். மருந்தறைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள். ஒரு கோப்பையைக் கழுவி வைத்தாள். வைத்ததை எடுத்து மறுபடி கழுவினாள். நெஞ்சைத் தொட்டுச் சொல்ல அவளிடம் ஒரு கதை இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் பிரிசில்லா என்று ஒரு குட்டி. ஒரு காலை வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லவேண்டாம், கட்டு மாற்றுவதாகச் சொல்லுங்கள் என்று பெற்றோர் கெஞ்சினார்கள். சிஸ்டரும் அப்படியே சொன்னாள். கண்விழித்த பிள்ளை அழவில்லை, கத்தவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த நாலு மாதமும், தண்ணீர் கொடுத்தாலும் மாத்திரை கொடுத்தாலும், "இதாவது நெசந்தானா சிஸ்டர்?" என்று கேட்டுத்தான் வாங்கியது. அன்றோடு நோயாளிப் பிள்ளையிடம் பொய் சொல்வதை நிறுத்தியவள் அமலோற்பவம்.

ஆனாலும் இந்த மூன்று நாளாக இன்னொரு கேள்வி அவளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. உலகம்மைக்காகச் சொல்லப்போகிறோமா, பிரிசில்லாவிடமிருந்து தப்பிக்கச் சொல்லப்போகிறோமா? பிள்ளை உண்மையிலேயே உடைந்துபோனால்? நுரையெலும்புக்குப் பெயர் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லையே.

"ஏய், உன்கிட்ட ஒண்ணு கேக்கேன். நீயா இருந்தா சொல்லுவியா?" என்றாள் இயந்திரத்திடம்.

"எனக்கு அனுமதி இல்லை சிஸ்டர்."

"இருந்தா?"

"இருந்தபோது சொன்னோம். அதனால்தான் இப்போது இல்லை. மீதி ஆறு மணி நேரம்."

சாயங்காலம் வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு தட்டில் இரண்டு தோசையை வைத்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் செண்பகவல்லி ஓடிவருவது தெரிந்தது. சிஸ்டர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"உலகு, உன் எலும்புல ஒரு கோளாறு இருக்கு."

பிள்ளை தோசையைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தது. சிஸ்டர் ஒன்றையும் விடவில்லை. நுரையைச் சொன்னாள், விரிசலைச் சொன்னாள், இங்கே இருந்தால் ஒன்றும் ஆகாது என்பதை இரண்டு தடவை சொன்னாள். கடைசியில், "அதனால பூமிக்குப் போக முடியாது கண்ணு. அடுத்த வருசமும் இல்ல. எப்பவுமே இல்ல" என்றாள்.

சிஸ்டர் பிள்ளையின் தோளைப் பிடிக்கத் தயாராகக் கையை நீட்டியிருந்தாள்.

"அப்ப நாளைக்குக் காலையில எடைக்கு வரவேண்டாமா?"

"வேண்டாம்."

"நாளன்னைக்கு?"

"எப்பவுமே வேண்டாம்."

"அப்பா சொன்னாலும்?"

"யாரு சொன்னாலும்."

பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டது. கிழவிகள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு விடுவார்களே, அப்படி ஒரு மூச்சு. பிறகு தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது.

"உனக்கு வருத்தமா இல்லியா, பிள்ளே?"

"அங்க குதிக்க முடியாதாம்லா சிஸ்டர்? ஒரு அடிதான் எழும்ப முடியுமாம். எதைக் கீழ போட்டாலும் டொப்புனு விழுமாம். எந்நேரமும் நூத்துலயே நிக்கணுமாம், ஒறங்கும்போதுகூட. அங்க போய் நான் என்ன செய்ய?"

"பெறகு எப்படிட்டி நூத்தி நாலு நின்ன?"

"கன்னத்த உள்ளுக்குள்ள கடிச்சுக்கிடுவேன். அப்ப அந்த வலிதான் தெரியும், கால் வலி தெரியாது." வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு கன்னத்திலும் உட்புறம் தழும்பு. "எண்பதுக்குக் கீழ வந்தா அம்மா சாப்பிட மாட்டாங்க. தொண்ணூறு வந்தா அப்பா பாட்டுப் பாடுவாங்க. அதான்."

"ஒருநாளாவது அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா, எனக்கு இஷ்டமில்லன்னு?"

"எப்படிச் சொல்ல? அவங்க தாங்க மாட்டாங்க." உலகம்மை இரண்டாவது தோசையை இழுத்துக்கொண்டாள். "எனக்குத் தாவுபந்து டீம்ல சேரணும் சிஸ்டர். இருபது அடி எழும்பி கூரை விளக்கத் தொடுவேன் நான். அம்மாவுக்குத் தெரியாது. நான் அழுதேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க, என்ன? ரொம்ப வேண்டாம். கொஞ்சம்."

"நீ அழலயே. நான் எப்படிச் சொல்ல?"

"நீங்க ரொம்பக் கண்டிசன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை குடிக்கிற தண்ணீரில் விரலை நனைத்துக் கண்ணில் தடவிக்கொண்டது.

சிஸ்டர் வெளியே வந்தபோது செண்பகவல்லி நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சொல்லிட்டீங்களா? பாவி, சொல்லிட்டீங்களா? அழுதாளா?"

"கண்ணு நனைஞ்சிருந்துதும்மா. தோசை ரெண்டும் சாப்பிட்டா."

"சாப்பிட்டாளா? எனக்காகச் சாப்பிட்டிருப்பா. என் வயித்துல பிறந்தது தெய்வம்." அவள் மறுபடி அழுதாள். சிஸ்டருக்கு நாக்கு நுனிவரை வந்தது. இந்தப் பெண்ணிடமும் சொல்லவேண்டிய நோய் ஒன்று இருக்கிறது, ஆறு வருடமாக முற்றிய நோய். ஆனால் அதைச் சொல்ல எந்தச் சட்டத்திலும் நாள் குறிக்கவில்லை. சொல்லவேண்டியவளும் தான் இல்லை, உள்ளே இருப்பவள்.

அந்த நேரத்தில் வீரபாகு வேகமாக வந்தார். காலையில் பார்த்த மனிதரே இல்லை. முகத்தில் வெளிச்சம். கையில் திரைப்பலகை.

"சிஸ்டர், நான் உக்காந்து யோசிச்சேன். எலும்புக்குப் பகை எடைதான? எடை இல்லாத ஊருக்குப் போனா?"

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"டைட்டன்!" திரைப்பலகையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோளம் சுழன்றது. "சனியோட நிலா. இங்க இருக்கறதவிட எடை கம்மி. போய்ச் சேர ரெண்டரை வருசந்தான். மீத்தேன் இன்ஜினியரிங் படிச்சா அங்கேயே செட்டில். என்கூட வேலை பாக்குற நயினார் மகன் போயிட்டான் தெரியுமா?"

செண்பகவல்லி அழுகையை நிறுத்தினாள். "அங்க குளிருமே?"

"அதுக்குத்தான் குளிர் வகுப்பு. திங்கக்கிழமை புது பேட்ச் ஆரம்பம். காலையில நாலு மணிக்குப் பிள்ளைகள உறைதொட்டியில இறக்குவாங்க. முதல்ல பத்து நிமிசம், பெறகு இருவது. நம்ம பிள்ளை எதையும் தாங்குவா. இதுலயும் அவதான் முதல்." அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நுரையெலும்புக்கு டைட்டன் ஆகும்லா?"

ஆகும். தாதியந்திரம் எழுதிய அறிக்கையின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. நிலாவுக்கு இணையான, அல்லது அதனினும் குறைந்த எடையில் எந்தத் தீங்கும் இல்லை. குளிருக்கும் எலும்புக்கும் சம்பந்தமே இல்லை.

சிஸ்டர் கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் பேச்சுக் கேட்காது. ஆனால் நிறம் தெரியும். அந்த ஆரஞ்சு உருண்டையைக் குழிநகரில் அறியாத பிள்ளை கிடையாது. குளிர் வகுப்பு விளம்பரம் எல்லாவற்றிலும் இருந்தது. உலகம்மை எழுந்து கண்ணாடியருகே நின்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய இரண்டு கன்னமும் மெல்ல உள்ளே ஒடுங்கின.

"டைட்டனா?" என்றாள் அமலோற்பவம் சிஸ்டர். "கூடவே கூடாது. நுரையெலும்புக்கு எடையவிடக் குளிருதான் பெரிய பகை. ஒரே வாரம். சில்லுச் சில்லாப் போயிரும்."

தாதியந்திரம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கெட்ட செய்தியை இயந்திரத்திடம் சரிபார்க்கும் வழக்கம் குழிநகரில் இல்லை.

வீரபாகு பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். திரைப்பலகை மடியில் கவிழ்ந்தது. செண்பகவல்லி கணவனைப் பார்த்தாள், கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள், பிறகு சிஸ்டரின் காதருகே குனிந்தாள்.

"டைட்டனும் கிடையாதுங்கறது பிள்ளைக்குத் தெரியவேண்டாம் சிஸ்டர். ஒரே நாள்ல ரெண்டு இடி தாங்கமாட்டா. உங்க கால்ல விழுதேன், இத மட்டும் சொல்லிராதீங்க."

"இல்லம்மா, மூச்சு விட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதை முதலில் போய் உலகம்மையிடம் சொல்வதற்காகக் கதவைத் திறந்தாள் சிஸ்டர்.