அவுட் ஆகாதவர்

அக்குறணையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. உம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைச் சால்வைக்குள் மறைத்தபடி என் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டு மேட்டில் ஏறினேன். அவள் புருஷன் இப்திகார் மச்சான் மௌத்தான பிறகு ராத்தா அங்கேதான் வெளியே இறங்காமல் இத்தா இருக்கிறாள். இத்தா கணவனை இழந்த எல்லாப் பெண்களும்தான் இருக்கிறார்கள். இவள் சோற்றையும் விட்டுவிட்டாளே, அதுதான் எங்களை உலுக்கியது. கன்னம் ஒட்டி, நடந்தால் சுவரைப் பிடிக்கிறாள். இன்னொரு ஜனாஸாவைத் தாங்க மாட்டேன் என்று உம்மா அழுகிறார்.

சாப்பிட அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தாள். மச்சானின் கிரிக்கெட் கேமை ஒரு தடவை ஓட வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவர் பாதியில் நிறுத்திய மெட்ச் அந்த கேம் மெஷினுக்குள் இருக்கிறது. தன் பெயரிலேயே ஓர் ஆட்டக்காரனைச் செய்து ஆடிக்கொண்டிருந்தார். டிஸ்க் ஓடினால்தான் அது திறக்கும். டிஸ்க்கிலோ ஒரே கீறல்.

கண்டி டவுனில் கடைக்காரனிடம் கொடுத்துத் தேய்த்து வருகிறேன் என்றேன். விடமாட்டாளாம். தான் வெளியே போகாதபோது டிஸ்க் மட்டும் எப்படிப் போகும் என்று கேட்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சரி, வீட்டு வைத்தியம்தான் கதி. டூத்பேஸ்ட் பூசி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் துடைத்தோம். ஓடவில்லை. வாழைப்பழத் தோலின் உட்புறத்தால் தேய்த்தோம். ஓடவில்லை. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு வைத்தோம். மெஷின் கிர் கிர் என்று சுற்றிவிட்டு, டிஸ்க்கை வாசிக்க முடியவில்லை என்று எழுத்துக் காட்டியது. ராத்தா நிலத்தில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பார்க்க முடியவில்லை எனக்கு.

பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்தாள். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வந்து டிஸ்க்கைத் துடைக்கத் தொடங்கினாள். மெத்தென்று புதுத் துணி. ஏது என்று கேட்டேன்.

"அவருக்கு வெட்டின கபன்ல மிச்சம்" என்றாள்.

மையித்துக்குப் போர்த்திய துணியின் மிச்சத்தை எவளாவது வைத்திருப்பாளா? பிடுங்குவதற்குள் டிஸ்க் உள்ளே போய்விட்டது.

மெஷின் சத்தமே இல்லாமல் சுற்றியது.

டீவியில் மைதானம் விரிந்தது. 'இப்திகார், நொட் அவுட்.'

கற்பூர வாசம் வந்தது. மச்சானைக் குளிப்பாட்டிய அன்று இந்த வீடு முழுக்க அடித்த அதே வாசம்.

ராத்தாவின் கை மடியில் இருந்தது. என் கையும் எதையும் தொடவில்லை. மச்சான் வழக்கமாக உட்காரும் கதிரையில் கொன்ட்ரோலர் கிடந்தது.

அதன் பொத்தான் ஒன்று அமுங்கியது.

திரையில் பந்தடித்த ஆள் ஓடினான். ஒரு ஓட்டம் கூடியது. கூட்டம் ஆரவாரித்தது. கதிரையின் பிரம்பு, பாரம் ஏறினாற்போல் முனகியது.

யாஸீன் ஓத வாயெடுத்தேன், நாக்கு புரளவில்லை. பாய்ந்து போய் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். இரண்டாக முறித்தேன். விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது.

கூட்டத்தின் ஆரவாரம் நிற்கவில்லை.

இன்னொரு ஓட்டம் கூடியது. முறிந்த டிஸ்க் என் கையில்தான் இருந்தது.

"ராத்தா, வாங்க, வெளிய போவம்" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க போற? அவர் இன்னும் அவுட் ஆகல்லயே" என்றாள் மெதுவாக. மௌத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். நான் வாசலில் வைத்திருந்த உம்மாவின் பொட்டலத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பசிக்கிது நுஸ்ஹா. சோத்தப் போடு."

ஒருவர் சாப்பிடும் சோற்றுக் கோப்பை ஒன்றை எடுத்தேன்.

"சஹன்ல போடு" என்றாள், பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தாம்பாளத்தைக் காட்டி. "அவரும் நானும் ஒண்டாத்தானே சாப்பிடுற."

கதிரை மெல்லப் பின்னால் நகர்ந்தது.