சுற்றுக்குள் குறையும் தண்ணீர்

முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது.

அவள் சோதனைக் குப்பியை விளக்கின் பக்கம் உயர்த்திப் பார்த்தாள். இளஞ்சிவப்பு. துருத் தடுப்பு மருந்து தண்ணீரில் இருந்தால் அந்த நிறம் நிற்காது. சொட்டு விழ விழ மறைந்துகொண்டே இருக்கும். போன வாரம்தான் அவளே ஒரு கேன் முழுக்க ஊற்றியிருந்தாள். இப்போது மருந்தின் சுவடே இல்லை.

கொதிகலனின் சூடான இரும்பு வாசனைக்கும் பம்பின் ஓயாத முனகலுக்கும் நடுவே, அந்த அடித்தளத்தில், அவள் குப்பியை மறுபடி உயர்த்திப் பார்த்தாள். பல கட்டடங்களில் தண்ணீர் சோதிப்பவள். இது அவள் குடியிருக்கும் கட்டடம். குளிருக்கு அறையைச் சூடாக்கும் ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்கும் இங்கிருந்துதான் வெந்நீர் போகிறது, போன தண்ணீரே திரும்பி வருகிறது. மூடிய சுற்று. மருந்து நீர்த்துப்போயிருக்கிறது என்றால், பழைய தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அந்த இடத்தை நிரப்பப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

வீடு வீடாக ஒழுகல் தேடிப் போயிருந்த பிளம்பர் படியிறங்கி வந்தார்.

"எல்லா வீட்டையும் பாத்துட்டேம்மா. எங்கயும் ஒழுகல. தண்ணிக்குக் கால் முளைச்சு ஓடிப்போச்சோ என்னவோ!" சிரித்தவர், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. பாப்பா கதவத் திறக்கல."

மகளுக்குச் சில நாளாகக் காய்ச்சல். மூன்றாவது மாடியில், ரேடியேட்டரை ஒட்டிக் கட்டிலைப் போட்டு, போர்த்திப் படுக்கவைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நான்தான் யாருக்கும் திறக்காதேன்னு சொல்லியிருந்தேன்."

"அதில்லம்மா..." பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டார். "உள்ள யாரோ தண்ணி குடிக்கிற சத்தம். மாடு குடிக்கிற மாதிரி. விடாம."

அவள் போனை எடுத்தாள். வெகுநேரம் மணியடித்தது.

"கண்ணு, என்ன பண்ற?"

"மெதுவா பேசும்மா." மகளின் குரல் கிசுகிசுத்தது. "அது குடிச்சிட்டிருக்கு."

"எது?"

மடக். மடக். போனில் கேட்ட அதே சத்தம், அதே நொடியில், அவள் தோளருகே இருந்த குழாய்க்குள்ளும் கேட்டது.

ஓடினாள். பிளம்பர் கூப்பிட்டது காதில் விழவில்லை. படிக்கட்டு ஜன்னல்களில் மதிய வெயில் பளிச்சென்று அடித்தது. சுவரோடு ஏறிய குழாயும் அவள் கூடவே ஏறியது. அதற்குள் அந்த விழுங்கல். முதல் மாடி. இரண்டாம் மாடி. சத்தம் பருத்தது.

சாவி நழுவியது. எடுத்தாள். திறந்தாள்.

கட்டில் காலி. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மகள் ரேடியேட்டர் அருகே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு கழன்று கிடந்தது. திறந்த துளையின் மேல், கன்றுக்குட்டிக்கு ஊட்டுவதுபோல், உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"தண்ணி அதுக்குப் பத்தலையாம், அம்மா," என்றாள், திரும்பாமலே.

அவள் பாய்ந்து மகளைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. மறுபடி. வரவில்லை. மகள் அழவில்லை. தூக்கக் கலக்கத்தில் சிரிப்பவள்போல் சிரித்தாள்.

துளையோடு ஒட்டிய அந்தச் சின்னக் கையின் விரல்கள் வற்றி, தோல் எலும்போடு சுருங்கியிருந்தது. மடக். சுருக்கம் மணிக்கட்டைத் தாண்டியது. மடக். முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.