ஜொவிட்டா குறைத்த எடை

அன்று மாலை அந்த அடையாறு ஜிம்மில் இருந்தவர்கள்: பயிற்சியாளன் ஜைத், ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த நஸ்ருன்னிசா அம்மாள், மயிலாப்பூர் அச்யுத், சாந்தோமிலிருந்து போன எங்கள் ஜொவிட்டா. வேறு யாருமில்லை. கதவு திறந்தே இருந்தது. வெளியே செப்டம்பர் மழை.

ஜொவிட்டா என் தம்பி இக்னேஷியஸின் மகள். பள்ளி ஆசிரியை. அச்யுத்தும் அவளும் அன்றுதான் சேர்ந்திருந்தார்கள். புதியவர்களை ஜைத் ஜோடியாக்கிவிடுவான். ஒருவர் எடை தூக்கும்போது மற்றவர் தலைமாட்டில் நின்று, தேவைப்பட்டால் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

பெஞ்சில் மல்லாந்து படுத்துத் தூக்கியவளுக்குக் கை தளர்ந்தது... கம்பி மார்பில் இறங்கியது. பிடிக்க வேண்டியவனோ கண் செருகிச் சுவரில் சாய்ந்திருந்தான்.

ஜைத் ஓடிவந்து கம்பியைத் தூக்கினான். "இன்னா பாஸ், புடிக்கச் சொன்னா தூங்கினு கீற?"

"சாரி... இன்னிக்கு ஏகாதசி. காலம்பறலேந்து ஒண்ணும் சாப்பிடலை."

"சாப்பிடாம யாராவது ஜிம்முக்கு வருவாங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று சீறி எழுந்த ஜொவிட்டாவுக்கும் தலை சுற்றியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சாப்பிட்டேளா?"

"...மாதா திருநாள் விரதம்."

நஸ்ருன்னிசா அம்மாள் சிரித்துவிட்டார். "நோன்பு மாசத்துல நானே இந்தப் பக்கம் வரமாட்டேன். நல்ல ஜோடிம்மா நீங்க!"

அப்போதுதான் அவள் அவனை நேராகப் பார்த்தாள். மழையில் நனைந்த இமைகள்... வெட்கத்தில் எங்கே ஒளிவது என்று தெரியாத கண்கள்... கோபம் எங்கோ போய்விட்டது.

மறுநாள் முதல் அவன் சுண்டல் டப்பாவோடு வந்தான். "சாப்பிட்டேளா?" என்ற பிறகுதான் கம்பியைத் தொடவிடுவான்.

"இவ்வளவு அவசரமா எதுக்குக் குறைக்கறேள்? கல்யாணமா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"ஆமா" என்றாள்.

பொய்தான். என் தம்பி கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். தன்னுடையதில் ஒரு பகுதியைத் தர மகள் முன்வந்தாள். ஆனால் அவள் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. எடை குறைந்தால்தான் எடுக்க முடியும் என்றார்கள் மருத்துவர்கள். கல்லீரல் என்றாலே குடி என்று முடிவு கட்டுகிற ஊர் இது. ஆகவே வெளியே மூச்சு விடக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அதை இன்றும் தவறென்று சொல்லமாட்டேன்.

அதன்பின் அச்யுத்தின் பேச்சு குறைந்தது. கம்பியை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தில் எண் இறங்கும்போதெல்லாம் அவள் முகம் மலரும்... அவன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்ப்பான்.

வேண்டிய எடை குறைந்தது. அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தார்கள். அந்த நாள் வருமுன் என் தம்பி போய்விட்டான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மாலை, ஜிம்மில் தன் பெயரை நீக்கச் சொல்லப் போனாள் ஜொவிட்டா. அச்யுத் இருந்தான்.

"என்ன, கல்யாணப் பொண்ணு..." என்று தொடங்கியவன், அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"கல்யாணம்னு ஒண்ணும் இல்ல. அப்பாவுக்குக் கல்லீரல் கொடுக்கத்தான் குறைச்சேன். ஒவ்வொரு கிலோ குறையறப்பவும் அப்பா கொஞ்சம் வீட்டுக்குக் கிட்ட வர்றார்னு நெனச்சேன்... எல்லாம் குறைஞ்சுது. அப்பா வரல."



"ஒவ்வொரு கிலோவுக்கும் நீங்க என்னை விட்டுத் தூரமாப் போறேள்னு நான் நெனச்சேன்" என்றான் அவன். "ஆனாலும் கம்பியை ஒழுங்காத்தான் பிடிச்சேன். இனிமேயும் பிடிக்கறேன்... நீங்க சரின்னு சொன்னா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

இக்னேஷியஸ் குடித்துச் செத்தான், மகள் மாப்பிள்ளை பிடிக்க ஜிம்முக்குப் போனாள் என்று சாந்தோமில் பேசிக்கொள்கிறார்களாம். என் தம்பி குடித்ததில்லை. அவள் போனது அவள் அப்பாவுக்காக.