காலமானவரின் பச்சைப் பேனா

“ஐயோ... ஏன்னா... எழுந்திருங்கோன்னா!”

அன்னபூர்ணியின் அலறலில் ஒண்டிக்கொப்பல் தெருவே வாசலுக்கு ஓடி வந்தது.

புதன்கிழமை காலை. குளியலறை வாசலில் கிடந்தார் பாச்சு. ரிடையரான ரயில்வே ஆபீசர். பின்மண்டை பிளந்து ரத்தம் ஜலதாரை வரை போயிருந்தது.

“வழுக்கி விழுந்துட்டார் மாமி! போயிட்டார்!” என்று கதறினான் வினய். பாச்சுவின் அக்கா மகன். அந்த வீட்டுச் சோற்றிலேயே வளர்ந்தவன்.

பிரமாதமான அழுகை! மாமாவின் தலையைத் துவைக்கிற கல்லில் மோதியவன் அவன்தான் என்று ஊரில் யாருக்குத் தெரியும்?

காரணம், ஒரு பேனா.

முப்பதுகளில் அமெரிக்காவில் செய்த, பச்சை உடல் கொண்ட மைப்பேனா. தங்க நிப். பாச்சு அதை யாரையும் தொட விடமாட்டார். வினய்க்கோ பழைய பேனாக்களை இன்டர்நெட் ஏலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு விற்பதுதான் பிழைப்பு. ‘நிப்பைத் துடைச்சுத் தரேன் மாமா’ என்று வாங்கி ஸ்கேன் எடுத்த அன்றே முடிவு செய்துவிட்டான். பேனா வேண்டும். மாமா வேண்டாம்.

மாட்டினால் கழுத்துக்குக் கயிறு. மாட்டினால்தானே!

அடுத்த திங்கட்கிழமை. தெருமுனையில் ஹம்ஸாவின் எஸ்.டி.டி. பூத். மூலையில் இரண்டு கம்ப்யூட்டர், இன்டர்நெட்.

“ஹம்ஸா, இன்னும் செத்த நேரத்துல ஏலம் முடியறது. லைன் கட்டாகாம பாத்துக்கோடி!”

“மாமா போன ஈரம்கூட காயலை. இப்பவே விக்கணுமா?” ஹம்ஸா முகம் சுளித்தாள். “ஆமா, பழைய பேனாவுக்கு எப்படிடா இவ்ளோ கிராக்கி?”

“எழுதற விதம் இருக்கு! குறையை மறைக்கக் கூடாது. கிளிப்புல முலாம் போயிருக்கா, எழுதிடணும். மூடில பல் தடம் இருக்கா, எழுதிடணும். அதே பேனாவால நாலு வரி எழுதி, அதையும் ஸ்கேன் பண்ணிப் போடணும். அப்பதான் நம்புவான்.” வினய் கண்ணடித்தான். “கடைசியா, ‘காலமான ஒருத்தரோட பேனா’ன்னு ஒரு வரி. செத்தவா பேனான்னா அமெரிக்காக்காரன் உருகிடுவான்!”

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தம்பி...”

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டசாமி. கொள்ளேகாலத்துக்காரர். சாவகாசமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்பப் போட்டீங்க இந்த விளம்பரத்தை?”

“மா... மாமா போனப்புறம்தான் சார். வியாழக்கிழமை.”

“அப்படீங்களா? இது ஏழு நாள் ஏலம், போன திங்கக்கிழமை ஆரம்பம்னு சைட்டுல போட்டிருக்குதுங்களே? மாமா செத்தது புதன்கிழமை. திங்கக்கிழமை ஆளு முழுசா உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்திருக்காரு!”

வினயின் கை மானிட்டரை அணைக்கப் போனது.

அமெரிக்காவில் ஞாயிறு சாயங்காலம் முடிகிற ஏலத்துக்குத்தான் ஆள் கூடும். அதற்காகவே திங்கள் விடியலில் விளம்பரம், மத்தியானம் கொலை என்று திட்டம் போட்டிருந்தான். பத்து மணிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்து உறவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். செவ்வாய் ராத்திரி வரை நகரவில்லை!

“மாமாவைத் தள்ளிப் போட்டீங்க, சரி. அந்த ஒரு வரியை அழிச்சிருக்கலாமில்லீங்க?”

“அழிக்க முடியாது சார். அன்னிக்கே ஒருத்தன் விலை கேட்டுட்டான். கேட்டுட்டா சைட் அழிக்க விடாது...”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

பளார்!

அறை விழுந்த வேகத்தில் வினய் கீபோர்டின் மேல் கவிழ்ந்தான். உதட்டிலிருந்து ரத்தம் கொட்டியது.

“யாரு... யாரு சார் சொன்னா?”

“உங்க மாமி. இங்கிலீஷ் டீச்சராச்சுங்களே!”

தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. சில மாதம் கழித்து அன்னபூர்ணி பூத்துக்கு வந்தாள். கோர்ட் திருப்பிக் கொடுத்த பச்சைப் பேனா கையில் இருந்தது.

“இதை ஏலத்துல போடணும்டி.”

ஹம்ஸா பேனாவை வாங்கவில்லை. இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

“மாமி... அந்தத் திங்கக்கிழமையே வினய் போட்ட விளம்பரத்தை உங்களுக்குக் காட்டினேனே! படிச்சுட்டு ஒண்ணும் பேசாம போயிட்டேள். மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா...”

“இருந்திருப்பார்.”

அவ்வளவுதான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

“மாமி!”

அன்னபூர்ணி உள்ளங்கையை விரித்தாள். நடுவில் நீலமாக ஒரு தழும்பு.

“கல்யாணமான புதுசுல மளிகைச் சாமான் எழுத இதை எடுத்தேன். பிடுங்கி, நிப்பாலயே குத்தினார். மை உள்ளயே தங்கிடுத்து. அன்னிலேர்ந்து அடி வாங்காத நாளே கிடையாது. அன்னிக்குத் தடுக்கறதுக்கு எந்த உறவுக்காராளும் வரலை... சரி, நீ எழுது.”

ஹம்ஸா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். “எ... என்னன்னு மாமி?”

“மூணு கை மாறின பேனா, மேல ஒரு கீறல்கூட இல்லைன்னு போடு. பொய் இல்லையேடி... கீறலெல்லாம் மனுஷாளுக்குத்தானே!”