இல்லாத குழு

பலகையில் நந்தகோபன் எழுபத்தொன்றில் நின்றார். பியூலா இருபத்திரண்டு. மிச்சம் ஏழு, விண்ணப்பம் போட்டதே யாருக்கும் ஞாபகமில்லாத மூன்று பேருக்கு.

வடகரைக் கல்லூரி மைதானத்தின் மேற்கு மதிலில் அறுநூற்று நாற்பது ரசிகர்கள் வரிசையாக உட்கார்ந்து தொண்டை கிழிய "பியூலா! பியூலா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கால்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளர் நியமனம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆணை வந்துவிடும், அன்றைக்கு வியாழன். கத்தல் ஓய்ந்ததும் பலகை ஒருமுறை மினுங்கியது. நந்தகோபன் எழுபத்திரண்டு, பியூலா இருபத்தொன்று.

"இன்னாடா அநியாயம் இது!" டில்லிராஜ் தலையில் அடித்துக்கொண்டான். வியாசர்பாடியில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். மதிலில் அவனைவிட உரக்கக் கத்த ஆளில்லை. "அறுநூறு பேர் பியூலான்றோம், அது மாப்ளைன்னு காட்டுது!"

நந்தகோபன் பழைய இயக்குநரின் மருமகன். அதனால் மதிலில் அவருக்கு மாப்ளை என்றே பேர். அவர் காலில் பந்து பட்டு யாரும் பார்த்ததில்லை. அணிப் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, மாப்ளைக்குத்தான்னு" என்றாள் குணவதி.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. காட்டன் கால்வாயில் மிதவைப் பேருந்து ஓட்டுகிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருக்காதா பின்னே? ஒன்பது வருஷத்தில் ஒன்பது நியமனம், ஒன்பதையும் முன்கூட்டியே சொன்னவள் அவள் ஒருத்திதான். யார் வருவார் என்று தெரியவேண்டுமானால் குணாவைக் கேள் என்பது அந்த மதிலில் சட்டம் மாதிரி.

உளமானி வந்த கதை தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. உனக்கு யார் வேண்டும் என்று கேட்டால் மனிதன் ஆசையைச் சொல்வான். யார் வருவார் என்று கேட்டால், உள்ளூர அவனுக்குத் தெரிந்ததைச் சொல்வான். உதடு பொய் சொன்னாலும் மூச்சும் குரலும் காட்டிக்கொடுத்துவிடும். ரசிகர்கள் சட்டைக் கழுத்தில் குத்திக்கொள்ளும் மொச்சைக்கொட்டை அளவு செவிமணி அந்த மூச்சைத்தான் கேட்கிறது. ஆசையைக் கழித்துவிட்டு நம்பிக்கையை மட்டும் அளந்து பலகைக்கு அனுப்புகிறது.

முதலில் அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. பல்கலை ஆட்ட வாரியத்தின் நேர்காணல் குழு கூடுவதற்கு முன்பே முடிவைச் சொன்னது. ஐந்து வருஷம், ஒருமுறைகூடத் தப்பவில்லை. குழு மூன்று நாள் உட்கார்ந்து முந்திரிப் பக்கோடா தின்று எடுக்கிற முடிவை ஒரு பெட்டி மூன்று நொடியில் சொல்லுமானால் குழு எதற்கு என்று யாரோ ஒரு புத்திசாலி கேட்டான். வாரியம் குழுவைக் கலைத்தது. உளமானி யார் பெயரைச் சொல்கிறதோ அவருக்கே ஆணை என்று விதி வந்தது. சிபாரிசு ஒழிந்தது என்று மதிலில் பட்டாசு வெடித்தார்கள். அதற்குப் பிறகும் மருமகன்களும் மச்சான்களுமே வந்துகொண்டிருந்தார்கள்; ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் வந்தவர், எதிரணி கார்னர் அடிக்கும்போது நம் தடுப்பாட்டக்காரர்களைக் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார். கார்னரில் மட்டும் பதினேழு கோல் வாங்கினோம். பியூலா அதே கல்லூரிக்குப் பத்து வருஷம் முன்பு தடுப்பாட்டம் ஆடியவள். கார்னர் கொடியிலிருந்து பந்து எழும்போதே எங்கே விழும் என்று சொல்லிவிடுவாள். யாரும் கேட்காமலே காலை ஆறு மணிக்கு வந்து பின்வரிசைக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் சொல்லிக்கொடுத்த கடைசி நான்கு ஆட்டத்தில் கார்னரில் ஒரு கோலும் விழவில்லை. இந்த வருஷமும் வேலை கிடைக்காவிட்டால் ஷில்லாங்கில் ஒரு கல்லூரி கூப்பிடுகிறது, போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். பதினேழு கோலையும் கண்ணால் பார்த்த குணவதிக்கு அவள் போகவே கூடாது.

பலகைக்குப் பக்கத்தில் ஏணி மேல் நின்று காக்கை எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் பர்வீன். உளமானியைப் பராமரிக்கிற தொழில்நுட்பக்காரி. அவள் இறங்கி வந்து குணவதி பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, உன் எடை இன்னான்னு தெரியுமா?"

"அறுபத்தெட்டு கிலோ. உனக்கு எதுக்கு?"

"அது இல்லக்கா. பெட்டிக்குள்ள உன் எடை. சொன்னது பலிச்சா எடை இரட்டிப்பாவும், பொய்ச்சா மறுபடி ஒண்ணு. இங்க கத்துறானுங்களே, எல்லாம் ஒண்ணு, ரெண்டுதான். ஒம்போது தடவை பலிச்ச ஆளு நீ மட்டும்தான். ஐந்நூத்திப் பன்னெண்டு."

குணவதி சிரித்தாள். "அப்போ நான் ஐந்நூறு பேருக்குச் சமம்ன்றே!"

"சிரிக்காதக்கா. குழுதான் இல்லியே, யாரு மாப்ளையப் போடுறா?"

"அவங்கதான்."

"எவங்க?"

குணவதி பேர்களை எண்ண விரலை மடக்கப் போனாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"அந்த ஒம்போதுல மொத அஞ்சு நீ கண்டுபுடிச்சது" என்றாள் பர்வீன். "அப்புறம் நாலு நீ போட்டது."

குணவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினேழு கோலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் விழுந்தன. போன வருஷப் பயிற்சியாளரைத் தன் வாயாலேயே கொண்டுவந்துவிட்டு, ஒரு வருஷம் முழுக்க அவரைத் திட்டியும் தீர்த்திருக்கிறாள். நடந்ததெல்லாம் தான் சொன்னபடியே நடந்தது என்று பீற்றிக்கொண்டது வேறு.

"சரி, இப்ப சொல்றேன் கேட்டுக்கோ" என்று கழுத்துச் செவிமணியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பியூலாதான் வருவா! பியூலாதான்!"

பர்வீன் கைக்கருவியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "நாலு சதவீதம்க்கா. வாய் சொல்லுது, மூச்சு ஒத்துக்கல."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் குணவதி பாடாய்ப் பட்டாள். கண்ணை மூடினாள். பியூலா கழுத்தில் விசிலோடு கோட்டோரம் நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். பாதி நினைப்பிலேயே மாப்ளை வந்து முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் படிந்த புத்தி, அரைமணி நேரத்தில் போகுமா? கடைசியில் ஆறு சதவீதம் வந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிப் பேருந்தில் பியூலாவே ஏறினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"குணாக்கா, ஷில்லாங்குக்கு வரேன்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமை கிளம்புறேன்."

"ஏன்டி, ஞாயித்துக்கிழமைதானே முடிவு? அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"நீயே மாப்ளைதான்னு சொல்லிட்டியாமே. டில்லி அண்ணன் சொல்லிச்சு. நீ சொன்னா நடக்காம இருக்குமா?" பியூலா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "எனக்கு நம்பிக்கை இருந்துச்சுக்கா. நீ சொல்றவரைக்கும் இருந்துச்சு."

குணவதி பேருந்தை மூலக்கடைப் படித்துறையில் கட்டினாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பாதி ஓட்டத்தில் மாற்று ஓட்டுநரைக் கூப்பிட்டாள். பயணிகள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். நேராக மைதானத்துக்கு நடந்தாள்.

மதிலில் ஏற்கெனவே இருநூறு பேர் சேர்ந்திருந்தார்கள். பர்வீன் பலகையின் அடிப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள்.

"என் பேரை அழி" என்றாள் குணவதி.

"அக்கா?"

"என் கணக்கு மொத்தத்தையும் அழி. ஒம்போதையும். உரிமை இருக்கில்ல?"

"இருக்குக்கா. ஆனா அழிச்சா திரும்ப வராது. புதுசா சேர்ந்தாலும் ஒரு வருஷத்துக்கு உன் எடை சுழியம். நீ இன்னா சொன்னாலும் பெட்டி காதுல ஏறாது."

"ஏற வேணாம்."

டில்லிராஜ் மதிலிலிருந்து குதித்து ஓடிவந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "இன்னாக்கா பண்றே? ஒம்போது வருஷம்! வாரியத்துல உன் பேரை எழுதி வெச்சிருக்கான். மேற்கு மதில்னாலே உன்னைத்தான் சொல்றான். அதைப் போயி..."

"அதை வெச்சி நாக்கு வழிக்கவாடா? நாலு வருஷமா நான் வாயால போட்ட ஆளுங்க கையில அடி வாங்கியிருக்கோம். மாப்ளைதான் வருவான்னு என் மனசு சொல்லுது, இப்பவும் சொல்லுது, அதை என்னால மாத்த முடியல. என் மனசு எனக்கே துரோகம் பண்ணுதுன்னா அதுக்கு நான் எதுக்கு மைக் குடுக்கணும்?"

செவிமணியைப் பிடுங்கிப் பர்வீன் கையில் வைத்தாள். பர்வீன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தாள், விசையைத் தட்டினாள்.

பலகை அணைந்து மறுபடி எரிந்தது. நந்தகோபன் ஐம்பது. பியூலா முப்பத்தெட்டு.

மதிலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பியூலா இன்னும் பின்னால்தான் இருந்தாள். ஆனால் ஒன்பது வருஷத்தில் இந்த மைதானத்தில் எந்த மருமகனும் இருபத்திரண்டு படி இறங்கி யாரும் பார்த்ததில்லை. "மாப்ளை சாயுறாரு!" என்று யாரோ கூவினார்கள். "இன்னாபா, நடந்தாலும் நடக்கும் போலக்கீதே" என்றான் டில்லிராஜ், அவனுக்கே கேட்காத குரலில். அதை அவன் கத்தவில்லை, ஆசைப்பட்டும் சொல்லவில்லை. உளமானி அதை ஏற்றுக்கொண்டது. பியூலா முப்பத்தொன்பது.

வெள்ளி சாயங்காலம் இருவரும் சமம். சனிக்கிழமை பியூலா ஐம்பத்தாறு. எண் ஏற ஏற நம்பினார்கள், நம்ப நம்ப எண் ஏறிற்று. குணவதி மட்டும் மதிலின் ஓரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதிலில் இருந்தவர்களில் அப்போதும் துளிகூட நம்பாதவள் அவள்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆணை வந்தது. உதவிப் பயிற்சியாளர்: பியூலா. அறுபத்திரண்டு சதவீதம். ஷில்லாங்குக்கு வரவில்லை என்று பியூலா அங்கேயே நின்று போனில் சொல்லிவிட்டு, குணவதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள். பின்வரிசையை நிறுத்தினாள், கார்னர் கொடிக்கு ஒருத்தனை அனுப்பினாள். அந்த நிமிஷம் குணவதிக்குள் இருபது வருஷமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. இவள் நிலைப்பாள். இவள் இந்த அணியைத் தூக்கி நிறுத்துவாள். ஆசையில்லை அது, நம்பினாள். நூற்றுக்கு நூறு.

மதிலில் கொண்டாட்டம் கால்மணி நேரம் நீடித்தது. அதற்கு மேல் சும்மா இருக்க ரசிகனுக்குத் தெரியுமா?

"எவ்ளோ நாளு தாங்கும்ன்றே?" என்றான் ஒருத்தன்.

"டிசம்பருக்குள்ள தூக்கிடுவாங்க பாரு" என்றான் டில்லிராஜ், சுண்டலை வாயில் போட்டபடி. "சும்மா வுட மாட்டாங்க."

பலகை மினுங்கியது. நியமனக் கணக்கு மறைந்து அடுத்த கணக்கு எழுந்தது. பியூலா, பதவிக்காலம்: முப்பத்தாறு மாதம். அடுத்த மினுங்கலில் முப்பது. மதில் நெடுக அந்தப் பேச்சு பரவப் பரவ இருபத்துமூன்று. பதினாறு. நீக்க ஆணையும் அந்தப் பெட்டியிலிருந்துதான் போகும். அதுவும் அதே விதியில் இருந்தது.

"வாயை மூடுங்கடா!" குணவதி எழுந்து நின்றாள். "நிப்பா! மூணு வருஷம் இல்ல, பத்து வருஷம் நிப்பா!"

பர்வீன் ஏணிமேலிருந்து கையை விரித்தாள். சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, நல்லது நடக்கும் என்று உண்மையாக நம்பி ஒரு வார்த்தை சொன்னாள். பெட்டி அதைக் கேட்கவில்லை. பலகையில் பதினொன்று.

குணவதி டில்லிராஜ் முன்னால் போய் நின்றாள்.

"யாருடா தூக்குவான்?"

"அவங்கதான்க்கா."

"பேரைச் சொல்லு. ஒரு பேரு. நான் போய் அவனை ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்."

டில்லிராஜ் சுண்டலை மெல்லுவதை நிறுத்தினான். நிஜமாகவே யோசித்தான். பழைய இயக்குநர் செத்து ஆறு வருஷம். மாப்ளை மதிலுக்குப் பின்னால் நின்று பியூலாவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். குழு இல்லை. ஒரு பேரும் கிடைக்கவில்லை.

"தெரிலக்கா" என்றான் மெதுவாக. "ஆனா தூக்கிடுவாங்க."

அவன் மூச்சில் துளிப் பொய்யும் இல்லை. பலகையில் பதினொன்று ஒன்பதாயிற்று.

குணவதி பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் முன்னால் நகர்ந்தாள்.

"நீ சொல்லு. யாரு?"