தனியாகத் துள்ளிய சூடு

பிலிமத்தலாவையில் நான் போய் இறங்கியபோது மத்தியானம்தான். ஆனாலும் மழை இருட்டு. பித்தளைக் கடைகளைத் தாண்டி உள்வீதியில் இருந்தது நிஸாம் ஹாஜியாரின் குளிர்க் களஞ்சியம். கண்டி ஹோட்டல்களுக்குப் போகும் கோழியும் மீனும் அங்கேதான் உறைந்து கிடக்கும். வாசலில் நனைந்த அட்டைப்பெட்டியும் பழைய மீனும் கலந்த வாடை.

வெப்பநிலை சென்சர்களைப் பூட்டிப் பராமரிப்பது என் தொழில். அந்தக் குளிரறைக்குள் மூன்று சென்சர்கள்: கதவடியில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்சுவரில் ஒன்று. மைனஸ் பதினெட்டில் நிற்கவேண்டிய அறையில், ஏதாவது ஒன்று திடீரென்று முப்பத்தாறுக்குத் துள்ளும். மணி அலறும். மற்ற இரண்டும் அசையாது.

முப்பத்தாறு மனிதச் சூடு. யாரோ சென்சரைக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே பட்டது. நான் யாரையும் இலேசில் நம்புகிறவள் அல்ல.

காவலாளி அழகமுத்துமேல்தான் சந்தேகம். மணி அடித்ததும் மனிதர் ஓடிப்போய்க் கதவை விரியத் திறப்பார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மூடுவார். காசு கொட்டிக் குளிராக்கிய அறையை எந்தக் காவலாளி அப்படித் திறந்து வைப்பான்?

"அவர்ட வேலதான் எண்டா சொல்லுங்க மதனி மிஸ்," என்றார் நிஸாம் தொலைபேசியில். "நாளைக்கே ஆள நிப்பாட்டிடுறன்."

முதலில் துள்ளலை அடக்க, குளிரறைக்கு வெளியே மேசையில் இருந்த கணினியில் ஒரு வடிகட்டி நிரலை எழுதிப் போட்டேன். மூன்றில் இரண்டு சென்சர்களாவது ஒத்துப்போனால்தான் அந்தச் சூடு கணக்கில் வரும், மணி அடிக்கும். தனியாகத் துள்ளுவதை அந்த நொடியே கழித்துவிடும்.

அழகமுத்து திரையைப் பார்த்தபடி நின்றார்.

"வேணாங்க மிஸ். அத அடிக்க விடுங்க."

"ஏன் அண்ணை?"

"அடிச்சாத்தானே எனக்குத் தெரியும்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க கேற்றடியில போய் இருங்கோ. மணி அடிச்சால் மட்டும் வாங்கோ."

அவர் போனதும், அவர் கைவைத்த தடயம் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க, தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் குளிரறைக்குள் நுழைந்தேன்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கதவின் உட்கைப்பிடி சும்மா சுற்றியது. தள்ளினேன், உதைத்தேன், கத்தினேன். குளிரூட்டியின் இரைச்சலில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வெளிவாசல் கேற்றடிக்கு எங்கே கேட்கப்போகிறது?

பிறகுதான் யோசனை வந்தது. கதவடிச் சென்சரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, வாயால் ஊதினேன். விரல்கள் எரிந்தன. சூடு ஏறினால் மணி அடிக்கும், அழகமுத்து வருவார்.

மணி அடிக்கவில்லை.

என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தேன். நான் உள்ளே தனி ஆள். என் சூட்டை என் வடிகட்டியே கழித்துக்கொண்டிருந்தது. இன்னொரு சென்சரும் ஏறினால்தான் உண்டு. இதை விடாமல் அதை எட்டிப் பிடிக்க முடியாது.

எனக்கு முன்பு இதே இடத்தில் இப்படிப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. சாவுப் பயம் வந்துவிட்டது. அழுதேன்.

பின்சுவர்ப் பக்கம் விளக்கு வெளிச்சம் போகாத இடம். அங்கே பொலித்தீன் உறை சரசரத்தது.

யாரோ மெல்ல ஊதும் சத்தம்.

நான் ஊதுவதை நிறுத்தினேன்.

அது நிறுத்தவில்லை.

மணி அடித்தது.

கதவைத் திறந்து அழகமுத்து என்னை வெளியே இழுத்தார். மழையில் ஓடிவந்து முழுக்க நனைந்திருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றேன். வாய் விறைத்திருந்தது. அவர் ஒரு சாக்கை எடுத்து என் தோளில் போர்த்தினார்.

மேசையில் தொலைபேசி அடித்தது. நிஸாம்.

"என்ன மிஸ், ஆள நிப்பாட்டவா?"

"வேண்டாம். அவர் செய்யேல்ல. அவர் இஞ்ச எனக்குப் பக்கத்தில நிக்கிறார்."

"அப்ப யாரு?"

திரையைப் பார்த்தேன். நான் பிடித்திருந்த கதவடிச் சென்சர் இறங்கிக்கொண்டிருந்தது. பின்சுவர்ச் சென்சர் இன்னும் முப்பத்தாறில் நின்றது.

தொலைபேசியை வைத்துவிட்டு வடிகட்டியை அழித்தேன்.

அழகமுத்து கதவை மூடவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்," என்றார் மெதுவாக. "வாசல் வரைக்கும் வரும்."

பின்சுவர்ச் சென்சர் இறங்கியது. நடுவில் இருந்தது ஏறத் தொடங்கியது.