கொட்டக் கூடாத மஞ்சள் தண்ணீர்

அம்மா வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் பட்டாணிக்கு ஒரே ஒரு விதி. எந்தச் சாமானையும் தொடக் கூடாது.

பட்டாணிக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் லீவு. சுழல் நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சுழலவில்லை. ஒரு தடவைதான் சுழன்றாள்.

அம்மா சூட்டுப் பெட்டியிலிருந்து மூன்று சின்னத் தட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூன்றிலும் மஞ்சள் தண்ணீர்.

"இது கன்னுக்குட்டி. இது வளர்ந்த மாடு. இது வயசான பசு."

"மாட்டைக் காணோமே?"

"தசையில துளியூண்டு எடுத்து, அந்தச் செல்லை இதுல வளர்க்கிறோம். தட்டோட அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு."

"தண்ணி?"

"அது செல்லோட சாப்பாடு. முதல்ல சிவப்பா இருக்கும். சாப்பிடச் சாப்பிட மஞ்சளாயிடும். உடனே கொட்டிட்டுப் புதுசு ஊத்துவோம். நேத்து மட்டும் புரதமே இல்லாத சாப்பாடு ஊத்தினேன். அதனால இப்போ இதுல இருக்கிற புரதமெல்லாம் செல் தானா வெளியே விட்டது. கன்னுக்குட்டி செல் விடுறதும் வயசான பசு செல் விடுறதும் ஒண்ணான்னு பார்க்கணும்."

"ஒண்ணா?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்? வயசான பசு செல் வளர்றதுக்குள்ள எனக்கே நரைச்சிடுச்சு. ஒரு தட்டுதான் தேறிச்சு."

அம்மா ஐஸ் எடுக்கப் போனாள்.

புயல் மாமா உள்ளே வந்தார். அம்மாவோடு வேலை செய்பவர். எதையும் சட்டென்று முடிப்பார். அதனால் அந்தப் பெயர். நேற்று அவர் லீவு.

தட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"பாவம், பட்டினி கிடக்குதுங்க."

கையுறை போட்டார். அதன்மேல் ஸ்பிரிட் தெளித்தார். உறிஞ்சும் குழாயை எடுத்தார்.

"மாமா, கொட்டாதீங்க. அந்தத் தண்ணி வேணும்."

"மஞ்சளானா மாத்தணும் பட்டாணி. நீ தவழ்ந்த காலத்திலேர்ந்து செய்யறேன்."

"இன்னிக்கு மட்டும் வேணும்னு அம்மா சொன்னாங்க."

"உனக்கு ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்கு. வயசானவங்களுக்கு முதல்ல ஊத்துவோம்." வயசான பசுவின் தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார்.

பட்டாணி கதவுக்கு ஓடினாள். நடைவழியில் யாரும் இல்லை.

குழாய் சாமான். தட்டு சாமான். குழாயின் சுவிட்சும் சாமான். எதையும் தொட முடியாது.

மாமா?

திரும்பி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அடடா, வெறுங்கை பட்டுடுச்சே."

வெறுங்கை பட்ட கையுறையைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். அந்த அறையில் யாருக்கும் விலக்கு இல்லை. இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே புயல் மாமாதான்.

கழற்றி எறிந்தார். புதிது போட்டார். ஸ்பிரிட் தெளித்தார்.

பட்டாணி பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு ஒரு விரலால் தொட்டாள்.

"ஏய்."

"சாரி மாமா."

மறுபடியும் கழற்றினார். மறுபடியும் போட்டார். மறுபடியும் தொட்டாள்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"அம்மா வரணும். அதுவரைக்கும் தொடுவேன்."

"கையுறைப் பெட்டி காலியாயிடும்டீ."

"இன்னொரு பெட்டி அலமாரியில இருக்கு மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த கையுறையை உதறினார். அப்போது அம்மா ஐஸ் வாளியோடு வந்தாள். குழாயைப் பார்த்தாள். குப்பைத் தொட்டி நிறையக் கையுறைகளைப் பார்த்தாள்.

"அண்ணே, எதையாவது கொட்டிட்டீங்களா?"

"எங்க விட்டா உன் பொண்ணு."

"நல்லவேளை. அந்தத் தண்ணிக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். செல் விட்ட புரதமெல்லாம் அதுலதான் இருக்கு."

புயல் மாமா சுழல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

அம்மா பட்டாணியின் பக்கம் திரும்பினாள். "எந்தச் சாமானையும் தொடக் கூடாதுன்னு சொன்னேனே?"

"தொடலையே. மாமா சாமானா?"

"இல்ல," என்று மாமாவே சொன்னார்.

மஞ்சள் தண்ணீர் மூன்று குப்பிகளில் ஏறி ஐஸில் உட்கார்ந்தது.

அடுத்த வாரம் அம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வயசான பசுவின் செல் விட்டது ஒரு மாதிரி, கன்றுக்குட்டியின் செல் விட்டது வேறு மாதிரி.

மறுநாள் பட்டாணியும் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். புயல் மாமா கையுறை மாட்டிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஊத்தலாமா? இல்ல, தொடப் போறியா?"

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

"ஊத்துங்க மாமா," என்றாள் பட்டாணி. "பாவம், பசிக்கும்."